ரைட்டர் எழுதாம விட்ட ஒரு வரி

போன மாசம் என் பைக் திருட்டு போச்சு. ஸ்டேஷனுக்கு போய் கைப்பட எழுதி குடுத்தேன், ரைட்டர் படிச்சு பாத்துட்டு "திருட்டுன்னு போடாதீங்க சார், காணவில்லைன்னு மாத்தி எழுதுங்க, சிஎஸ்ஆர் போட்டு தர்றேன், எஃப்ஐஆர் அப்புறம் பாத்துக்கலாம்"னார் (சிஎஸ்ஆர்னா புகார் வாங்கினதுக்கு ஒரு ரசீது, அவ்ளோதான்). சைடு லாக் போட்ட வண்டி தானா எப்படி சார் காணாம போகும்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல, மாத்தி எழுதி குடுத்துட்டு வந்துட்டேன். வெளிய வந்து டீ குடிக்கும்போது தான் பேரறிவாளன் கேஸ் ஞாபகம் வந்துச்சு. ஒரு பைக்குக்கும் ராஜீவ் கொலைக்கும் முடிச்சு போடுறானேன்னு சிரிக்காதீங்க.

1991 ஜூன்ல அவரை பிடிக்கும்போது வயசு 19. அவர் மேல இருந்த முக்கியமான விஷயமே ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கி, கொலைக்கு திட்டம் போட்ட புலிகள் ஆள் சிவராசன்கிட்ட குடுத்தார்ங்கறது தான், அது வெடிகுண்டுல போச்சுன்னு வாக்குமூலத்துல இருக்கு. சாதாரண கேஸா இருந்தா போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலத்தை வச்சு தண்டிக்க முடியாது, 1872லயே வெள்ளைக்காரன் சாட்சிய சட்டத்துல 25ஆவது பிரிவுன்னு எழுதி வச்சுட்டு போயிட்டான் (அவனுக்கே நம்ம ஸ்டேஷன் மேல அவ்ளோ நம்பிக்கை!). ஆனா இது தடா, அதாவது அப்போ இருந்த தீவிரவாத தடுப்பு சட்டத்துல போட்ட கேஸ். அதுல எஸ்பி ரேங்க் அதிகாரி வாக்குமூலத்தை பதிவு பண்ணாலே போதும், செல்லும்னு இருந்துச்சு. பண்ணவர் சிபிஐ எஸ்பி தியாகராஜன்.

1998ல தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்குன்னுச்சு. 1999 மே மாசம் சுப்ரீம் கோர்ட் 19 பேரை விட்டுருச்சு, நாலு பேருக்கு தூக்கு உறுதி, அதுல இவரும் ஒருத்தர். இதுல எனக்கு இன்னமும் ஜீரணம் ஆகாத விஷயம் என்னன்னா, தடா குற்றச்சாட்டு நிக்காதுன்னு அதே தீர்ப்புல சொல்லிட்டாங்க, ஆனா தடாவுல வாங்கின வாக்குமூலம் மட்டும் கொலை கேஸுக்கு செல்லும்னுட்டாங்க. வீட்டை இடிச்சுட்டு மாடியை மட்டும் விட்டு வச்ச மாதிரி.

2013 நவம்பர்ல, ரிட்டயர் ஆகி இருந்த தியாகராஜன் வெளிப்படையா பேசினார். பேட்டரி எதுக்குன்னு தனக்கு தெரியாதுன்னு பேரறிவாளன் அப்பவே சொன்னார், நான் தான் அதை எழுதலன்னு. அப்புறம் 2017ல சுப்ரீம் கோர்ட்ல அஃபிடவிட்டாவும் போட்டார். ஏன் எழுதலன்னா, அதை எழுதினா அது வாக்குமூலமாவே இருக்காதாம்! சரியாத்தான் சொல்லிருக்கார், அந்த ஒரு வரி இருந்தா பெட்டிக்கடையில பேட்டரி வாங்கின பையன், இல்லைன்னா கொலை சதியில ஆள்.

யாரையும் அடிச்சதா அவர் சொல்லல, பொய்யா ஒரு வார்த்தை சேத்ததாவும் சொல்லல, விட்டுட்டார், அவ்ளோதான். லாக்கப்ல அடிச்சா மாவுக்கட்டு தெரியும், பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு கதை விட்டாலும் ஊர் சிரிக்கும். எழுதாத வரி யார் கண்ணுக்கு தெரியும்?

அவர் இடத்துல நின்னும் யோசிச்சு பாத்தேன். நாட்டோட முன்னாள் பிரதமரை கொன்னுருக்காங்க, ஸ்ரீபெரும்புதூர்ல பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்களும் செத்துருக்காங்க, அவங்க வீட்லயும் புள்ளைங்க இருந்துச்சு, மேல இருந்து எவ்ளோ பிரஷர் இருந்திருக்கும். இவன் பொய் சொல்றான்னு கூட அவர் நினைச்சிருக்கலாம். நினைக்கட்டும் சார். அதையும் எழுதி வச்சுட்டு, பொய்யா நிஜமான்னு ஜட்ஜ் முடிவு பண்ணட்டும்னு விட்டிருக்கணும், எழுதுற ஆளே தீர்ப்பு சொல்லிட்டா அப்புறம் கோர்ட் எதுக்கு. வாய திறந்தாரேன்னு அவரை பாராட்டுறவங்க நிறைய, நானும் பாராட்டுறேன், ஆனா பாதி தான். 2011 செப்டம்பர் 9ன்னு தூக்குக்கு தேதியே குறிச்சாங்களே, அதுக்கு முன்னாடி ஹைகோர்ட் தடை வரலைன்னா 2013ல யாருக்காக பேசிருப்பார்?

2014ல தூக்கு ஆயுளாச்சு, 2022 மே 18 சுப்ரீம் கோர்ட் ஆளையே விடுதலை பண்ணிருச்சு. அதுவும் விடுதலை பரிந்துரையை கவர்னர் இழுத்தடிச்சதை வச்சு, அரசியல் சட்டத்தோட 142ஆவது பிரிவுல குடுத்த விடுதலை தான், நிரபராதின்னு அதுல இல்ல. ஜோலார்பேட்டைல இருந்து அவர் அம்மா அற்புதம்மாள் ஜெயில் ஜெயிலா அலைஞ்ச 31 வருஷத்துக்கு அப்புறமும், 1991ல எழுதின அந்த பேப்பர்ல ஒரு வரி குறைவாவே தான் இருக்கு.