எட்டு அங்குலக் கல்லும் வலது முட்டியும்

போன ஞாயிறு ஒருவழியாக எட்டு அங்குலக் கல்லின் மேல் வலது காலை ஊன்றி, இடது குதிகாலால் தரையை மெல்லத் தொட்டு, அதே வலது காலால் மேலே எழுந்தேன். முட்டி, எதிரே தொங்கவிட்ட நூலை விட்டு விலகவில்லை, வலிக்கவும் இல்லை. மறுநாள் விடியற்காலை வாய்க்கால் கரையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடிவிட்டு வந்து, வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன். இதற்கெல்லாம் பெருமையா என்று கேட்டால், ஆமாம், பெருமைதான். கல்லூரி முடித்தபின் பஸ்ஸைப் பிடிப்பதற்கு மட்டுமே ஓடிய, மஞ்சள் மண்டிக் கணக்கு நாற்காலியிலேயே தேய்ந்த நாற்பத்து மூன்று வயது ஆளுக்கு இது சாதனை.

சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் கவுச் டு 5கே திட்டத்தில்தான் நான் ஓடத் தொடங்கினேன். 1996-இல் ஜாஷ் கிளார்க் போட்டுக் கொடுத்த அந்த ஒன்பது வார அட்டவணையில் ஓடாத ஆள், என்னைப் போலப் புதிதாக ஓட வருபவர்களில் குறைவு. ஐந்தாவது வாரம் மூன்றாவது நாள் என்றாலே எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். முந்தைய ஓட்டத்தில் எட்டு நிமிடம், நடுவில் நடை, மறுபடி எட்டு நிமிடம். அடுத்த ஓட்டத்தில் ஒரேயடியாக இருபது நிமிடம். என் மூச்சு அதைத் தாங்கியது. வலது முட்டி தாங்கவில்லை. முட்டியின் முன்னால் இருக்கும் சில்லுக்குப் பின்னால் மந்தமான ஒரு வலி. சமதளத்தில் நடக்கும்போது ஒன்றுமே தெரியாது. படி இறங்கினால், குத்தவைத்து எழுந்தால், மண்டியில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சுருக்கென்று பிடிக்கும். ஓட்டக்காரர் முட்டி என்று சொல்வதன் லட்சணம் அத்தனையும் இருந்தது.

நாற்காலியில் இருந்து எழுந்து ஓடத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு எல்லாம் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காததால் ஓடலாம் என்று தோன்றும். ஆனால் தொடை முன்தசையும் இடுப்புப் பக்கவாட்டுத் தசையும் வருடக்கணக்கில் சும்மா கிடந்தவை. அவை பிடிக்க வேண்டிய பாரம் சில்லின் மேல் வந்து இறங்குகிறது.

எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "தேய்மானம் எல்லாம் இல்லைங்க. ஆனா இந்த வயசுல எதுக்குங்க ஓட்டம்? நடங்க, போதும்" என்றார். தேய்மானம் இல்லையென்று படமே சொல்லும்போது ஓட்டத்தை ஏன் விட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஓய்வில் இருந்தால் வலி போய்விடும். ஓடினால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஓய்வு வலியைத்தான் குறைத்தது, தொடைக்குப் பலம் எதையும் கொடுக்கவில்லை. (முட்டி வீங்கினால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால் கதை வேறு. அப்போது மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும், நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.)

அம்மா தன் பங்குக்கு முடவாட்டுக்கால் சூப் போட ஆரம்பித்தார். கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பழுப்பு முடியோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. ஈரோட்டிலும் தள்ளுவண்டியில் கிடைக்கிறது என்றாலும் அம்மாவுக்கு மலையில் இருந்து வந்தால்தான் திருப்தி. தோலைச் சுரண்டி எடுத்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து இடித்துக் கொதிக்க வைப்பார். குடித்தால் கறிக்குழம்புத் தண்ணீர் மாதிரி அருமையாக இருக்கும். முட்டிக்கு அதனால் என்ன ஆனது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. "குடி கண்ணு, காலுக்கு நல்லது" என்று ஒரு டம்ளரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன். பெருந்துறையில் ஒரு பிசியோவை (பயிற்சி கொடுத்து வலியைச் சரிசெய்பவர்) பார்த்தேன், சின்னப் பெண். மேசையில் படுக்க வைத்து அமுக்குவார் என்று நினைத்துப் போனால், ஒரு படியின் மேல் ஏறிப் பக்கவாட்டில் நின்று இறங்கச் சொன்னார். வலி உள்ள கால் படியில், மற்றக் கால் அந்தரத்தில். மெதுவாக மடக்கிக் கீழே போய், தொங்கும் காலின் குதியால் தரையை முட்டையைத் தொடுவது போலத் தொட்டு, திரும்ப மேலே வர வேண்டும். பார்க்கச் சுலபம். ஓரிரு தடவை இறங்குவதற்குள், "அண்ணா, முட்டி உள்ளாற போகுதுங்க, பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். முட்டி பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் மடிந்திருந்தது. ஒவ்வொரு அடியிலும் இதுதான் நடக்கிறதாம். கீழே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது, சில்லு தன் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் உராய்கிறது.

வீட்டில் இதைச் சரியாகச் செய்வதுதான் பெரும்பாடு. எங்கள் வாசல்படி உயரம் அதிகம். பலகை மணை உயரம் பற்றாது. செங்கல்லை அடுக்கினால் ஆடுகிறது. கடைசியில் சுவர் கட்டும் சிமெண்ட் கல்லான சாலிட் பிளாக்தான் வழி என்று தெரிந்தது. நான்கு, ஆறு, எட்டு அங்குலம் என்று மூன்று கனத்தில் வார்க்கிறார்கள். படுக்கப் போட்டால் கனமே உயரம். இந்தப் பயிற்சிக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. பிளாக் கம்பெனியில் ஒவ்வொன்றிலும் ஒரு கல் கேட்டபோது, "மூணு கல்லு எதுக்குங்க? கோழிக்கூண்டுக்குங்களா?" என்றார்கள். முட்டி வலிக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காசே வாங்காமல் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆன்லைனில் இதே வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் படியின் விலையைப் பார்த்தபின் இந்த மூன்று கல்லும் கூடுதலாகப் பிடித்துப் போயின. மேலே ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டால் கால் வழுக்காது.

அடுத்த சிக்கல், முட்டி உள்ளே போகிறதா என்று நமக்கே தெரியாது. குனிந்து பார்த்தால் உடம்பு சாய்ந்துவிடும், அப்புறம் எல்லாமே கோணல். மச்சான் கட்டட மேஸ்திரி. அவரிடம் நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டு வாங்கிக் கதவு நிலையில் தொங்கவிட்டேன். இரண்டாவது கால்விரலுக்கு நேராக, விரலுக்குச் சற்று முன்னால் நூல் வர வேண்டும். செல்போனை முட்டி உயரத்தில், நூலுக்கு நேர் எதிரே வைத்து வீடியோ எடுக்க வேண்டும். போன் ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும், படம் பொய் சொல்லும். நான் ஒரு வாரம் என் முட்டி ஒழுங்காகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது இந்தப் பொய்யால்தான். நேராக வைத்து எடுத்த வீடியோவில் சில்லு நூலின் பின்னால் மறைந்தபடியே கீழே போய் மேலே வர வேண்டும். கூடவே இடுப்பையும் கவனிக்க வேண்டும். தொங்கும் கால் பக்கம் இடுப்பு இறங்கிவிட்டால் முட்டியைத் திருத்திப் பயனில்லை. சட்டை இல்லாமல் எடுத்தால் அரைஞாண் கயிறு சாய்கிறதா என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. தரையைத் தொடும் குதியால் உந்தி எழுவது. இது எல்லோரும் தெரியாமலே செய்யும் திருட்டு. குதிக்குக் கீழே ஒரு பிஸ்கட்டை வைத்துப் பழகினேன், நொறுங்கினால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. மகன் மிச்சமிருந்த பாக்கெட்டைத் தின்றுவிட்டதால் இப்போது முறுக்கு. இறங்குவதற்கு நான்கு எண்ண வேண்டும், ஏறுவது எப்படியோ போகட்டும். தசைக்குப் பலம் ஏறுவது அந்த மெதுவான இறக்கத்தில்தான்.

வலிக்கு பிசியோ ஒரு கணக்குக் கொடுத்தார். பத்தில் மூன்று வரை வலித்தால் தொடரலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் உயரத்தை ஒரு அங்குலம் கூடக் கூட்டாதே, சின்னக் கல்லுக்கே திரும்பு. இந்த ஒரு விதிதான் என்னை ஓட்டத்தை முழுசாக நிறுத்தவும் விடவில்லை, வீம்புக்கு ஓடவும் விடவில்லை.

கல்லோடு சேர்த்து மாற்றிய இன்னொன்று, அடி எண்ணிக்கை. ஓடும்போது எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 152 அடி. நீளநீளமாக எட்டி வைத்து, கால் உடம்புக்கு முன்னால் போய் விழுந்துகொண்டிருந்தது. 2011-இல் பிரையன் ஹைடர்ஷைட் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் பேர்பெற்றது. வேகத்தை மாற்றாமல் அடி எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டி வாங்கும் சுமை நன்றாகக் குறைகிறது. உடனே 180-க்குப் போக வேண்டும் என்று சிலர் குதிப்பார்கள். அந்த எண், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரர்களை எண்ணிச் சொன்னது. கரையோரம் மூச்சிரைக்க ஓடும் எனக்கு 163 போதும். தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியின் டிக் டிக் சத்தம் எரிச்சலாக இருந்ததால், கோவில் நோன்பில் எடுத்த ஜமாப் மேளப் பதிவு ஒன்றின் வேகத்தை மகன் அந்த எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தான். ஜமாப் காதில் விழுந்தால் நீள அடி வைக்கவே மனம் வராது.

ஓடும் இடத்தில் நான் கொடுத்து வைத்தவன். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கிச் சுமார் 200 கிலோமீட்டர் தானாகவே வழிந்து ஓடுவது, அதனால் கரையில் ஏற்ற இறக்கம் என்பதே கிடையாது. மண் தடம், முட்டிக்கு இதம். ஒரே குறை, தடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போன தடத்திலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சாய்வு பங்காகிவிடும். வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறந்தபின் கரையில் ஆள் நடமாட்டம் கூடும், நாய்களின் ரவுடித்தனம் குறையும். மயில்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

ஷூவைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைக்காரர் கெட்டியான அடிப்பாகம் உள்ளதைக் காட்டி, இதைப் போட்டால் முட்டி வலியே வராது என்றார். வாங்கவில்லை. பழையதே ஓடுகிறது. பனியனுக்கு மட்டும் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய் ஏற்றுமதியில் மிஞ்சிய, வியர்வையில் சீக்கிரம் காயும் டிரைஃபிட் அள்ளிக்கொண்டு வந்தேன். பருத்தி வியர்வையைக் குடித்து மார்பைத் தேய்த்துவிடும். முட்டியில் மாட்டும் நீ கேப் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. போட்டால் தைரியம் வருகிறது, அவ்வளவுதான்.

அட்டவணையில் இன்னும் ஆறாவது வாரமே முடியவில்லை, அதற்குள் டிசம்பர் கோயம்புத்தூர் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவைக் கண் வைத்திருக்கிறேன். 2013-இல் இருந்து புற்றுநோய் நலப்பணிக்காக நடக்கும் ஓட்டம், பங்காளிகள் இரண்டு பேர் ஏற்கெனவே பதிந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. சென்னிமலையில் 1320 படி. பஸ்ஸில் மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுப் படியில் இறங்குவது என்று திட்டம். "எல்லாரும் நடந்து ஏறத்தானுங்க வேண்டிக்குவாங்க, நீங்க என்ன இறங்கறதுக்கு வேண்டிக்கறீங்க?" என்கிறாள் மனைவி. முட்டிக்குப் பரீட்சை இறக்கத்தில்தான். அதில் தேறி, மறுநாள் காலை மாடிப்படியிலும் சத்தமில்லாமல் இருந்தால் பத்து கிலோமீட்டருக்குப் பணம் கட்டுவேன். இல்லாவிட்டால் ஆறு அங்குலக் கல்லைத் திரும்ப வெளியே எடுப்பேன்.