எட்டாத கால்

2025 ஜூன் 2

இன்று காலை அலுவலகத்தில் என் கால்மணையைக் கணக்குப் பிரிவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மணை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏ4 தாள் ரீம் இரண்டு. ஒரு ரீம் 5 செ.மீ. கனம். இரண்டை அடுக்கினால் 10. ஆறு மாதமாக என் மேசைக்கு அடியில் கிடந்தது. பிரின்டரில் தாள் தீர்ந்ததும் ஒருவர் குனிந்து மேல் ரீமை எடுத்துக்கொண்டார். “இங்க எதுக்குங்க வச்சிருக்கீங்க?” என்று என்னையே கேட்டார்.

என் உயரம் 152 செ.மீ. நாற்காலியைக் கீழே இறக்கினால் கால் தரையில் படும், ஆனால் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். மேலே ஏற்றினால் கை சரியாகிவிடும், கால் தொங்கும். பள்ளியில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்த மாதிரி. மாலை நாலு மணிக்குத் தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும். நாற்காலியின் முன் விளிம்பு அங்கேதான் அழுத்துகிறது.

ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது. வாங்கலாம்தான். முன்பு ஒரு முறை வாங்கி, மூன்றாம் நாளே அதன் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஜூன் 4

தையல் டேப்போடு அலுவலகம் போனேன். பக்கத்து சீட்காரர் சுடிதாருக்கு அளவெடுப்பதாக நினைத்துக்கொண்டார்.

மேசை 75 செ.மீ. முழங்கை மேசையளவுக்கு வர நாற்காலி 50-இல் நிற்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியிலிருந்து குதிகால் வரை எனக்கு 37, செருப்போடு 39. கழித்தால் 11. ஆக, எனக்குக் குறைவது 11 செ.மீ. ஆறு மாதம் ரீம் மேல் கால் வைத்தது கிட்டத்தட்ட சரிதான்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. அங்கேயும் கால் தொங்கத்தான் செய்கிறது. தம்பியின் காரில் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தால் அவர் காலும் தொங்குகிறது. மூன்று இடத்துக்கும் ஒரே பொருள், பையில் போட்டு எடுத்துப் போகிற மாதிரி. இதுதான் திட்டம்.

ஜூன் 8

குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தச்சுப் பட்டறை. படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். 40-க்கு 30 பலகை, முன்பக்கம் 7 செ.மீ., பின்பக்கம் 15, நடுவில் 11 வரும். சாய்வு 15 டிகிரிதான், அதற்கு மேல் போனால் கணுக்கால் மடங்கி வலிக்கும்.

பட்டறை அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாமி பீடமாம்மா?”

“கால் வைக்கண்ணே.”

“கால் வைக்கவா படம் போட்டு வந்தீங்க?”

ஆனாலும் 12 எம்.எம். பிளைவுட்டில் ஒரு மணி நேரத்தில் அழகாகச் செய்து கொடுத்தார். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினார், நான் கேட்காமலே. வீட்டுக்கு வந்து எடை போட்டேன். 2.4 கிலோ. ஒரு ரீம் தாளின் எடையும் அவ்வளவேதான். தாளிலிருந்து தப்பித்துத் தாளிடமே வந்திருக்கிறேன்.

ஜூன் 9

பலகையோடு தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில், காலை 8.20 கூட்டம். மடியில் வைத்தால் பக்கத்தில் உள்ளவரின் விலாவில் இடித்தது. கீழே வைத்தேன். பல்லாவரத்தில் ஏறிய ஒரு பாட்டியம்மா பூக்கூடையை இறக்கிவிட்டு, “இத மணையாப் போட்டு உக்காந்துக்கவா கண்ணு?” என்றார். பழவந்தாங்கல் வரை சௌகரியமாக உட்கார்ந்து வந்தார். கிண்டியில் நான் இறங்கும்போது என் கையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. அந்தப் பலகையால் எனக்குக் கிடைத்த முழு லாபம் அதுதான்.

தூக்கிப் போகலாம் என்பதும் தூக்கிக்கொண்டு ரயிலில் போகலாம் என்பதும் வேறு வேறு. குறித்துக்கொண்டேன்: மொத்த எடை ஒரு கிலோ சுற்றி, லேப்டாப் பைக்குள் போக வேண்டும், மரம் வேண்டாம்.

ஜூன் 14

பலகை இப்போது சமையலறையில். மேல் அலமாரி டப்பாக்களை எடுக்க அம்மா அதில் ஏறி நிற்கிறார். சாய்வுப் பலகையில் ஏறாதீர்கள் என்று சொன்னால் கேட்பதில்லை.

மதியம் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். கால் மிதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புத் தட்டு, நடுவில் அச்சு, குதிகாலும் முன்காலும் மாறி மாறி. “மிஷின் ஓட்டுன காலத்துல எனக்குக் கால் வீங்கினதே இல்லடி” என்றார் அம்மா. வயதும் ஒரு காரணமாக இருக்கும். ஆனாலும் விஷயம் இருக்கிறது. காலுக்கு இறங்கும் ரத்தத்தை மேலே அனுப்புவதில் கெண்டைக்கால் சதைக்குப் பெரிய பங்கு உண்டு. அது சுருங்கும்போது உள்ளே இருக்கும் நாளங்களைப் பிழிந்துவிடும், வால்வுகள் ரத்தத்தைத் திரும்பக் கீழே விடாது. காலை அசைக்காமல் உட்கார்ந்தால் அந்தப் பம்புக்கு வேலையே இல்லை.

ஆகவே என் மணை ஆட வேண்டும். கீல், அச்சு எல்லாம் வைத்தால் எடை கூடும், கிரீச்சிடும். யோசிக்க வேண்டும்.

ஜூன் 15

இன்று நடந்ததை நம்பவே முடியவில்லை. கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன்.

வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி 45 செ.மீ. வெறுங்கால் எனக்கு 37. குறைவது 8.

தம்பி கார் கொண்டுவந்திருந்தான். பின் சீட்டில் அம்மாவை உட்காரவைத்து, சீட் அமுங்கிய பிறகு அளந்தேன். விளிம்பு தரையிலிருந்து 38. அம்மாவுக்கு 35. குறைவது 3 மட்டும்தான். இத்தனை நாளாகக் காருக்கும் ஒரு பெரிய மணை வேண்டும் என்று நினைத்திருந்தேன். சந்தேகத்துக்கு மரப்பலகையை வைத்துப் பார்த்ததில் அம்மாவின் முழங்கால் முன்சீட்டின் முதுகைத் தொட்டது. “என்னடி, என்னைத் தொட்டில்ல மடக்கிப் போட்ட மாதிரி இருக்கு.”

காருக்கு 3. வீட்டுக்கு 8. அலுவலகத்துக்கு 11.

மூன்றும் எட்டும் பதினொன்று! இரண்டே துண்டு. தனித்தனியாக வைத்தால் கார், வீடு. அடுக்கினால் அலுவலகம். என் உடம்பும் இந்த மூன்று நாற்காலிகளும் சேர்ந்து அடித்த லாட்டரி இது, வேறொருவருக்கு இந்தக் கணக்கு வராது. வராவிட்டால் போகிறது, மணை எனக்குத்தானே.

ஜூன் 21

எதில் செய்வது? மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வாங்கிவந்து கால் வைத்துப் பார்த்தேன், பாதிக்கு அமுங்கியது. 8 என்று நினைத்து 4-இல் கால் வைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம். ஊதும் தலையணை பையில் மடித்துப் போக நல்லதுதான், கால் வைத்தால் வாத்து மாதிரி அங்குமிங்கும் நழுவுகிறது.

பெரியமேடு போனேன். தோல் வியாபாரம் நடக்கும் இடம், செருப்புக்கான சாமான்களும் கிடைக்கும். அங்கேதான் ஈ.வி.ஏ. ஷீட் பிடிபட்டது. ரப்பர் மாதிரி இருக்கும், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள், அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே எழும். தினமும் காலில் போட்டு நடப்பது பெரும்பாலும் இதுதான், யோசித்ததில்லை. முழு 11 செ.மீ.யும் இதிலேயே செய்தால் என்ன? கடையில் எடைபோட்டுப் பார்த்ததில் லிட்டருக்கு 200 கிராம் வந்தது. 38-க்கு 25-க்கு 11 என்றால் பத்தரை லிட்டர். இரண்டு கிலோவைத் தாண்டும். மறுபடியும் ரீம்.

கடை வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “டி.வி. பெட்டியில வெள்ளையா வருமே, அது வீட்ல இருக்கா?” பேக்கிங் ஃபோம், உதிரும் தெர்மாகோல் இல்லை, வளையும் வகை. உள்ளே அதை வைத்து மேலும் கீழும் ஒரு செ.மீ. ஷீட் ஒட்டினால் போதும் என்றார். மேடு தாங்கும், எடை ஏறாது.

ஆட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் ஒரு பழைய ஷூவை எடுத்துத் தரையில் வைத்து விரலால் தட்டினார். முன்பக்கம் கீழே போய்த் திரும்பி வந்தது. “அடியைச் சீவி வளைச்சிட்டா ஆடும்மா. இதுக்கு எதுக்கு அச்சு?”

ஒரு வாரமாகக் கீலையும் அச்சையும் வரைந்துகொண்டிருந்த என் நோட்டை அவரிடம் காட்டவில்லை.

ஜூன் 22

மஞ்சள் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி உடனே ஒட்டக் கூடாது, பத்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் அழுத்த வேண்டும். நான் அவசரப்பட்டு ஒட்டிய முதல் துண்டு வழுக்கிக்கொண்டே போனது. இரண்டாவது சரியாக வந்தது, ஆனால் கோணலாக. ஒட்டியபின் நகர்த்த முடியாது என்பதையும் அவர் சொல்லியிருந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னதையும்தான் மறந்துவிட்டேன், மாலை வரை தலைவலி.

8 செ.மீ. துண்டுக்கு எட்டு என்றும் 3 செ.மீ. துண்டுக்கு மூன்று என்றும் பெயர். சமையலறைத் தராசில் எட்டு 560 கிராம். மூன்று முழுக்க ஈ.வி.ஏ., 580. மெலிசுத் துண்டு எடையில் ஜெயித்துவிட்டது. மொத்தம் 1.14 கிலோ. சரி, ஒரு கிலோ சுற்றிதான்.

பழைய ஜீன்ஸ் இரண்டை அறுத்து அம்மா உறை தைத்துக் கொடுத்தார், கழற்றித் துவைக்க ஜிப்போடு. எட்டின் உறையில் என் பின்பாக்கெட் ஒன்று அப்படியே இருக்கிறது. அதில் ரயில் பாஸ் வைக்கலாம் என்றார்.

ஜூன் 25

அலுவலகம். எட்டின் மேல் மூன்று. ஆடுகிறது! கேண்டீன் டைல்ஸில் வழுக்கியதால் அடியில் அலமாரித் தட்டுகளில் விரிக்கும் ரப்பர் வலையை வெட்டி ஒட்டினேன். முதுகு நாற்காலியில் முழுதாகச் சாய்ந்திருப்பதை மதியம்தான் கவனித்தேன். இதுவரை கால் தேடிக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன் போல.

ஜூன் 29

காஞ்சிபுரத்தில் கல்யாணம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. அம்மா காலுக்கு மூன்று. ஒரகடம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது, தம்பி பிரேக் அடித்தான். மாடு தப்பித்தது. மூன்று அம்மாவின் காலடியிலிருந்து வழுக்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

ஓரமாக நிறுத்திவிட்டுத் தம்பி திட்டினான். நியாயம்தான். இன்னும் ஒரு சாண் முன்னால் போயிருந்தால் பிரேக் மிதிக்கு அடியில் சிக்கியிருக்கும். தண்ணீர் பாட்டிலைக் கீழே உருளவிடாதே என்று எல்லாரும் சொல்வது இதற்குத்தான். திரும்பும்போது மூன்று டிக்கியில் வந்தது.

இரவு வெல்க்ரோ. அதன் முள் பக்கம் கார் தரையின் கம்பளத்தில் நேராகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால் மேலே போட்டிருக்கும் ரப்பர் மேட்டில் பிடிக்காது, ஆகவே அந்த ஒரு பக்கத்து மேட்டை எடுத்துவிட வேண்டும். இன்னொரு விதியும் எழுதி உறைக்குள் போட்டேன்: இடது பின் சீட்டுக்கு மட்டும், ஓட்டுபவருக்குப் பின்னால் எப்போதும் கூடாது.

ஜூலை 1

வெல்க்ரோவை ஓரம் வரை ஒட்டியிருந்தேன். அம்மாவின் பட்டுப்புடவைக் கரையில் நாலு இழை இழுத்துவிட்டது. கல்யாணத்துக்குக் கட்டிய அதே புடவை, மடிக்க எடுத்தபோது. இரண்டு நாள் என்னிடம் பேசமாட்டார். ஓரத்திலிருந்து 4 செ.மீ. உள்ளே தள்ளி மறுபடி ஒட்டினேன்.

ஜூலை 2

பேசினார், கால் வீக்கம் குறையவில்லை என்று சொல்வதற்காக. விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் மணையைப் பற்றி விவரமாகச் சொன்னேன், 15 டிகிரி உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிரஷருக்கு என்ன மாத்திரை?” என்றார். ஆம்லோடிபின். அதன் பக்க விளைவாகக் கணுக்கால் வீங்குவது சகஜமாம். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், மாத்திரையை மாற்றினார். அவர் சொல்லாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மாவின் சரித்திரம் அவருக்குத் தெரியும்.

மணையைத் தொடர்ந்து வைக்கலாமா என்று கேட்டேன். “வச்சுக்கோங்க, சௌகரியமா இருந்தா நல்லதுதானே” என்றார். ஒரு மாத உழைப்புக்குக் கிடைத்த சான்றிதழ்.

ஜூலை 5

புது ஜிப் வாங்க தி.நகர். பில் போடும் பெண் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி மேல் வைத்திருந்தார். பெட்டியின் நடுவில் இரண்டு பாதத்தின் பள்ளம். கடைகளில் வேலை செய்பவர்களுக்குப் பொருத்தமான இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. இருக்கை வந்துவிட்டது. அது யார் காலுக்குப் பொருத்தம் என்பதுதான் கேள்வி. “பெட்டி எத்தனை நாள் தாங்கும்?” என்று கேட்டேன். “ஒரு வாரம்க்கா. அப்புறம் வேற பெட்டி.”

ஜூலை 14

அம்மாவுக்கு வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. மாத்திரைதான் காரணம். ஆனால் மூன்றைத் திருப்பித் தர மறுக்கிறார். டி.வி. பார்க்கும்போது காலுக்கு, சாமி அறையில் உட்கார, மதியம் தலைக்கு. “நீ எட்டை வச்சுக்கோயேன்.”

அலுவலகத்தில் எட்டுக்கு மேல் எனக்கு இன்னும் 3 வேண்டும். பெரியமேடு போக சனிக்கிழமை வரை ஆகும். புது ரீம் ஒன்றைப் பிரித்து 300 தாளை எண்ணி எடுத்தேன். சரியாக 3 செ.மீ. அதை எட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஆட்டமும் கெடவில்லை.

சாயங்காலம் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ரீமைப் பிரித்தது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார்.