அண்ணன் வருவதற்குள்

8 ஜூன், ஞாயிறு
செம்மண் மேட்டில் அண்ணனின் ஆர்எக்ஸ் 100 பைக்கில், மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டரோடு ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் வேகம் விழுந்தது. கிளட்சைப் பிடிக்கும் முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. பத்து நிமிடம் ஆறிய பிறகு கிக்கர் இறங்கியது. கையால் தள்ளினாலே இறங்குகிறது, கம்ப்ரஷன் இல்லை.

9 ஜூன்
பெட்ரோலில் ஆயில் கலந்தேனா? ஐந்து லிட்டர் கேனுக்கு 200 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். ஊற்றியது நினைவிருக்கிறது, ஆனால் அந்த நினைவு சனிக்கிழமையுடையதா, முந்தைய வாரத்துடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தானாக ஆயில் ஊட்டும் பம்ப்பை அண்ணன் எப்போதோ கழற்றிவிட்டதால், அளக்கும் கோப்பையை மறந்தவன்தான் குற்றவாளி.

10 ஜூன்
ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுவதும் உரசிப் பிதுங்கி, உருகிய அலுமினியம் ரிங்கை அதன் பள்ளத்திலேயே புதைத்துவிட்டது. தலைப்பகுதி சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கிறது, பிளக்கும் அப்படியே. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறினால், சிலிண்டரின் உள் இரும்புச் சுவரான லைனருக்குள் பிஸ்டனுக்கு இடம் இருக்காது.

ஆனால் கனெக்டிங் ராடின் மேல்முனை ஊசி பேரிங் சூட்டில் நீலம் பாயாமல் பளபளக்கிறது, கீழ்முனையில் விரல் வைத்தால் ஆயில் ஒட்டுகிறது. ஆயிலே இல்லாமல் ஓடியிருந்தால் இவை இப்படி இருக்குமா?

11 ஜூன்
அண்ணன் அழைத்தார். வண்டி நன்றாக இருக்கிறது என்றேன்.

13 ஜூன், வெள்ளி
திறப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய காற்றுக்கசிவுச் சோதனையை, பழைய சிலிண்டரையும் ஹெட்டையும் மீண்டும் பூட்டிவைத்து இன்று செய்தேன். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்து, அம்மாவின் ரத்த அழுத்தக் கருவியின் பல்பால் காற்றடித்தேன். 300 வரை ஏறிய முள் நிற்காமல் சரிந்தது. மேக்னட்டைக் கழற்றி, கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஆயில் சீலின் மேல் சோப்புத் தண்ணீர் தடவியதும், அதன் உதட்டோரம் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை தள்ளியிருக்கும், நானும் விழித்திருப்பேன். மேக்னட் பக்கத்துச் சீல் வெறும் காற்றைத்தான் இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறையும்.

அதற்கு அறிகுறியாக, ஒரு மாதமாகவே ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐட்லிங் இறங்க நேரம் எடுத்தது. அந்த ஒலி எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கு மட்டும் எழுதுகிறேன்.

14 ஜூன்
லைனரில் ஒட்டிய அலுமினியத்தை ஆசிட் தொட்டுத் தொட்டுக் கரைத்தேன். அடியில் ஒரு கீறல் நகத்தில் தட்டுகிறது. ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர்; இது ஏற்கெனவே 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்த ஓவர்சைஸ். லேத் பட்டறைக்காரர் விளக்கொளியில் திருப்பிப் பார்த்துவிட்டு, “0.75-ல தேறிடுமுங்க தம்பி, ஆனா பிஸ்டனைக் கொண்டாந்து குடுத்தாத்தான் போர் அடிப்பேன்” என்றார். பிஸ்டனை அளந்து, அதற்கு இடைவெளி விட்டுக் குடைபவரை நம்பலாம். பெட்டி மீதுள்ள எண்ணைப் பார்த்துக் குடைபவரை நம்பக் கூடாது. இதற்குப் பிறகு 1.00 மட்டுமே பாக்கி.

16 ஜூன்
பிஸ்டன் வரவில்லை. ஆயிலும் குறைவாக இருந்து, சீலும் போயிருந்தால்?

19 ஜூன், வியாழன்
புதிய சீலை அடித்து இறக்கினேன். கிராங்க்கேஸ் வாயைத் துணியால் மூடிய பிறகே பிஸ்டன் பின்னைப் பிடித்துவைக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைத் தொட்டேன். ஆனாலும் ஒன்று துள்ளி, அரை மணி நேரம் கழித்துச் செருப்புக்கடியில் கிடைத்தது. பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங்குகளின் வாய் பள்ளத்திலுள்ள பின்னுக்கு நேராக. போர் அடித்து வந்த சிலிண்டரை இறக்கும்போது ரிங்கை விரலால் அமுக்கிய அந்த நொடியில் மூச்சே விடவில்லை. மறுபடி காற்றடித்தேன்: முள் அசையவில்லை.

20 ஜூன்
நான்காவது உதையில் எழுந்தது. கையைச் சுடும்வரை ஓடவிட்டு, முழுதும் ஆறவிட்டு, மூன்று முறை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஐட்லிங் சட்டென்று இறங்குகிறது.

21 ஜூன்
நாளை காலை அண்ணன் வருகிறார். கேனில் ஆயில் ஊற்றும் முன், 200 கோட்டில் நிற்கும் கோப்பையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.