ஆறு பேருக்கு இரண்டு ஸ்டூல்

எங்கள் பட்டுப் பிரிவில் ஆறு பேர் வேலை பார்க்கிறோம். கவுன்டருக்குப் பின்னால் நீல நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர்களுக்கு அவை தெரியாது. எனக்கோ கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண் போவது அங்கேதான். நான் சேர்ந்த 2008-லிருந்து பதிமூன்று வருடங்கள் அந்த இடத்தில் காலி அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன.

திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருவோம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, தை முகூர்த்தம் என்று கூட்டம் சேர்ந்தால் பதினொன்றாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த வருடங்களில் அதைத் தவிர உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றபடி புடவை மடிக்க வேண்டும். கேமரா இருக்கிறது, சூப்பர்வைசர் இருக்கிறார். பட்டுப் பிரிவில் செருப்பும் போடக் கூடாது. கீழே கிரானைட் தரை, மேலே ஏ.சி. பன்னிரண்டு மணி நேரம் வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த கல்லின் மேல் நிற்போம்.

என் அப்பாவும் புடவைக் கடையில்தான் வேலை பார்த்தார். அவர் காலத்தில் கடை முழுக்க வெள்ளைத் துணி விரித்த மெத்தை இருக்கும். வாங்க வருகிறவர்களும் உட்காருவார்கள், விற்கிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவையை விரித்துக் காட்டுவார். அப்பாவுக்கு முதுகு வலித்தது உண்டு, கால் வலி என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. மெத்தை போய்க் கண்ணாடிக் கவுன்டர் வந்தபோது எங்கள் இருக்கையும் சேர்ந்தே போய்விட்டது. விற்பதற்கு நின்றுதான் ஆக வேண்டும் என்று பல கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பாவை நினைத்துக்கொண்டால் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2019 தீபாவளி முடிந்த வாரம் காலையில் பாயை விட்டு எழுந்து வலது காலை ஊன்றினேன். குதிகாலுக்குள் ஆணி இறங்கியது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைந்தது. சுளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே வலி. கடைக்குப் போய் ஓடியாட ஆரம்பித்தால் மறந்துபோகும். சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடி ஆணி இறங்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உள்ளங்கால் முழுக்க எரியும்.

கடையில் யாரிடமும் சொல்லவில்லை. நொண்டுகிற சேல்ஸ் கேர்லை எந்த முதலாளி வைத்துக்கொள்வார் என்ற பயம். சூப்பர்வைசர் ஒருமுறை, "என்னம்மா, காலை இழுத்து இழுத்து நடக்குறீங்க?" என்று கேட்டார். முள் குத்திவிட்டது என்று சொன்னேன். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நின்று நின்று, இரண்டு மாதத்தில் முட்டியும் இடுப்பும் வலிக்கத் தொடங்கின.

மாமியார் செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, மேலே பழுத்த எருக்கிலையை வைத்துக் குதிகாலை வைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். அந்தச் சூடு இதமாகவே இருந்தது, ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் முதல் அடி அப்படியே வலித்தது. இதைக் கேட்டு எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒரு அக்காவும் வீட்டில் செய்து பார்த்தார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. கல்லின் சூடு தெரியாமல் தோல் கொப்பளித்து, புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. சர்க்கரை இருப்பவர்கள் தயவுசெய்து சுடுகல்லில் கால் வைக்காதீர்கள். இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு" என்றார் டாக்டர். படத்தில் சின்ன முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் பயந்துபோனேன். அந்த முள்தான் குத்துகிறது, இனி வெட்டி எடுத்தால்தான் உண்டு என்று மனதில் பதிந்துவிட்டது. வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு எரிந்தது. ஜனவரியில் குதிகாலிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஊசி போட்டபோது உயிர் போய் வந்தது. ஆனால் ஐந்து வாரம் வலியே இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பி, தை முகூர்த்தக் கூட்டத்தில் முன்னைவிட அதிகமாக நின்றேன். மாசி பிறந்து சில நாளில் வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

மார்ச்சில் ஊரடங்கு. கடை மூடிக் கிடந்த மாதங்களில் சம்பளம் பாதியாகி வீட்டில் பெரும் சிரமம். ஆனால் கால் வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை, நிற்கவில்லை, அவ்வளவுதான். கடை மறுபடி திறந்ததும் முதல் நாளே பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். நான்காம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் அழுதது வலியால் மட்டும் இல்லை. வேலையா காலா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் போலிருக்கிறதே என்றுதான் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எக்ஸ்ரேயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எந்திரிச்சதும் எத்தனை அடி வரைக்கும் வலிக்கும்க்கா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒரு குதிகாலா இரண்டுமா, மரத்துப்போகிறதா, சுரீர் என்று மின்சாரம் பாய்வது போல இருக்கிறதா, காலையில் முதுகும் இறுகிப்போய் இருக்கிறதா, சர்க்கரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நரம்பு அழுத்தம், முதுகெலும்பு வாதம், எலும்பில் கீறல் இவற்றிலும் குதிகால் வலிக்குமாம். அதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின், என் கட்டைவிரலைப் பின்னுக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலின் உட்பக்கம் ஓர் இடத்தில் அழுத்தினாள். துள்ளிவிட்டேன். "பிளான்டர் ஃபேசியைட்டிஸ்க்கா. சரியாயிடும். ஆனா மாசக் கணக்காகும்" என்றாள்.

கயிற்றுக் கட்டிலை வைத்து அவள் விளக்கியது இன்னும் மறக்கவில்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில், கட்டிலில் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பட்டை நாளெல்லாம் இழுபட்டே இருக்கும். குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடம் மெல்ல நைந்துபோகும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால் பட்டை சுருங்கிக்கொள்ளும். காலையில் முதல் அடி வைத்ததும் சுருங்கியது திடீரென்று இழுபடுகிறது, அதுதான் ஆணி. கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் இழுப்பு இன்னும் கூடும்.

எக்ஸ்ரேயில் தெரிந்த முள்ளைக் கேட்டேன். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது, அதை வெட்ட வேண்டியதில்லை என்றாள். ஒரு வருடமாக மனதில் இருந்த பாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியது. நோயின் பெயரைப் பார்த்தால் வீக்கம், அழற்சி என்று பொருள் வரும். ஆனால் நாள்பட்ட வலிக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களின் திசுக்களை ஆராய்ந்து 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அழற்சியைவிடச் சிதைவுதான் தெரிந்ததாம். ஊசி கொஞ்ச நாள்தான் கேட்கும், அடிக்கடி போட்டால் பட்டையே அறுந்துபோகும் அபாயமும் உண்டு என்றும் சொன்னாள். வலி தெரியாத அந்த ஐந்து வாரமும் நைந்த பட்டையின் மேலேயே நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்பே வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, விரல்களைக் கணைக்கால் பக்கம் இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. அப்புறம்தான் தரையில் கால். மதியம் சாப்பிட்டு எழுவதற்கு முன்னும் அதே, இரவும் அதே. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது தனி. மூன்றாவது வாரத்திலிருந்து கடினமானது ஒன்றைக் கொடுத்தாள். துண்டைச் சுருட்டிப் படியின் ஓரத்தில் வைத்து, விரல்களை அதன் மேல் ஏற்றி, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த வேண்டும். மூன்று எண்ணி மேலே, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணிக் கீழே. பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்காமல் சுமை ஏற்றச் சொல்கிறாளே என்று தோன்றியது. நார்ப்பட்டைக்கு அளவான சுமை கொடுத்தால்தான் உறுதியாகும் என்றாள். டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து பார்த்தபோது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரிந்ததாம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் ஒரே நிலையில்தான் இருந்ததாம். அதையும் மறைக்காமல் சொன்னாள். எப்படியும் குணமாகும், இது கொஞ்சம் சீக்கிரம் என்று புரிந்துகொண்டேன். சில வாரங்களில் மகளின் பள்ளிப் பையைப் புத்தகங்களோடு முதுகில் மாட்டிக்கொண்டு செய்யுமளவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான். எங்கள் வீட்டில் செருப்பு வாசலோடு சரி. புதிதாக வாங்கிய ஜோடியை மாமியாரிடம் காட்டி, இது தெருவுக்குப் போகாது, பூஜை அறைப் பக்கமும் வராது என்று சொன்னேன். மூன்று நாள் பேசாமல் இருந்தார். நான்காம் நாள் காலையில் செருப்பு என் பாய்க்குப் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

கடையில்தான் பெரிய சிக்கல். இந்த வைத்தியம் எல்லாம் ஒரு நாளில் அரை மணி நேரம், மீதிப் பன்னிரண்டு மணி நேரமும் கிரானைட்டின் மேல். மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியைப் பார்த்தேன். பயம் இருந்தது. பஸ் படியில் உட்கார்ந்த நாளுக்கு அப்புறம் இழக்கவும் ஒன்றும் இல்லை என்ற எண்ணமும் இருந்தது. வீட்டுச் செருப்பு மாதிரி ஒன்றைக் கவுன்டருக்குள் மட்டும் போட அனுமதித்தார். உட்கார முடியாது என்றார். சரி என்று ஒரு பழைய யோகா மேட்டை நான்காக மடித்து என் இடத்தில் போட்டுக்கொண்டேன். ஒரே வாரத்தில் மற்ற ஐந்து பேரும் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தங்கள் காலடியில் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஐந்து பேரில் மூன்று பேருக்குக் குதிகால் வலி. ஒருத்தி இரண்டு வருடமாக மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரே கவுன்டரில் தோளோடு தோள் உரசி நின்றோம். அவரவர் வலியை அவரவர் மறைத்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அந்த மசோதா வந்தது. 1947-ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு, முதலில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டு, அப்புறம் இருக்கைக்காகவும் போராடியதை நான் பின்னால்தான் படித்தேன். நான் ஒரு சீட்டை நீட்டவே அவ்வளவு நடுங்கினேன். அவர்கள் தெருவில் இறங்கிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றியை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

செய்தி வந்த பேப்பரைச் சூப்பர்வைசர் மேஜையில் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து வைத்தோம். அந்த வருடத் தீபாவளி கழிந்து இரண்டு ஸ்டூல் வந்தது. ஆறு பேருக்கு இரண்டு போதாது, அதையும் சொல்லியிருக்கிறோம். கூட்டம் இல்லாத நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருத்தியாக மாறி மாறி உட்காருகிறோம்.

என் வலி முழுதாகப் போக ஏறத்தாழ பதினான்கு மாதம் ஆனது. ஒரு நாளில் போகவில்லை. காலையில் பதினைந்து அடி வலித்தது பத்தாகி, ஐந்தாகி, ஒரு நாள் குளித்து முடித்தபின்தான் இன்று வலிக்கவே இல்லையே என்று நினைவு வந்தது. நடுவில் இரண்டு முறை திரும்பியது, இரண்டும் சீசன் நேரத்தில். இப்போதும் பாயை விட்டு எழும் முன் விரல்களை இழுத்துப் பத்து எண்ணுகிறேன். ஆடி வந்தால் ஃப்ரீசரில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தயாராக இருக்கும். இரவு வந்ததும் ஒரு துணியைச் சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவேன்.

போன ஆடித் தள்ளுபடியில் கூட்டம் ஏறியதும் இரண்டு ஸ்டூல் மேலும் புடவைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. கட்டுகளை எடுத்து ரேக்கில் வைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணை ஒன்றில் உட்காரச் சொல்லிவிட்டு, இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன்.