மேற்கோள்குறிக்குள் ஒரு $@

ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் போன்றவற்றில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு) எழுதப் பழகுவோர் சிறப்பு மாறிகளுள் முதலில் ஐயமறப் புரிந்துகொள்ள வேண்டியது, ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தவை அனைத்தையும் குறிக்கும் $@ என்பதே என் கருத்து. கிளைவாரியாக விற்பனைக் கோப்புகளைத் திரட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு "அண்ணா நகர்" "வேளச்சேரி" என்று இரண்டு பெயர்களை மேற்கோள்குறியிட்டுக் கொடுப்பதாகக் கொள்வோம். கொடுத்தவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் $# என்பது 2 என்று சரியாகவே காட்டும். ஆனால், ஒவ்வொன்றாக எடுத்துச் செயல்படும் ஃபார் லூப்பில் (for loop) $@ என்பதை மேற்கோள்குறியின்றி எழுதினால், இடைவெளி உள்ள இடத்தில் ஷெல் பெயரைப் பிளந்துவிடுவதால், 'அண்ணா', 'நகர்', 'வேளச்சேரி' என மூன்று கிடைக்கும். "$@" என்று எழுதினால் கொடுத்தவை கொடுத்தபடியே இரண்டாக வரும். "$*" என்றாலோ எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடும். சென்னையில் 'நகர்' என்று முடியும் பகுதிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், இடைவெளியுள்ள பெயரைக் கொண்டே சோதித்துப் பார்ப்பது நல்லது.

$? என்பது சற்றுமுன் முடிந்த கட்டளையின் நிலையைச் சொல்லும். 0 என்றால் வெற்றி. கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் (grep) கட்டளையில் தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1. இடையில், திரையில் எழுதிக் காட்டும் எக்கோ (echo) கட்டளை ஒன்று வந்தாலே இந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், தேவையெனில் அடுத்த வரியிலேயே வேறொரு மாறியில் சேமித்துவிட வேண்டும்.

$! என்பது பின்னணிக்கு இறுதியாக அனுப்பிய பணியின் பிராசஸ் எண் (இயங்கும் ஒவ்வொரு பணிக்கும் கணினி தரும் அடையாள எண்); $$ என்பது ஷெல்லின் சொந்த எண். தற்காலிகக் கோப்புக்குப் பெயரிட $$ போதாது. அதை எளிதில் ஊகித்துவிடலாம் என்பதால் தற்காலிகக் கோப்பை உருவாக்கித் தரும் எம்கேடெம்ப் (mktemp) கட்டளையையே பயன்படுத்துங்கள்.