உதவியாளர் பணியிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு: சில நாட்குறிப்புகள்

அக்டோபர் 3, 2023

கலிபோர்னியாவில் நான் பேச்சு சிகிச்சை உதவியாளராக வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில், தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பரிசோதிக்க வேண்டுமென்று அவனுடைய ஆசிரியை இன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ‘நினை’ என்பதற்கான சொல்லை அவன் ‘திங்க்’ என்கிறானாம். நாக்கைப் பல்லில் ஒற்றி எடுக்கும் நம் ‘த’ அது; காற்றைக் கசியவிடும் ஆங்கில ஒலி தமிழில் இல்லை. எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் மதிப்பீடு செய்வதும், சோதனை முடிவுக்குப் பொருள் சொல்வதும், சிகிச்சை இலக்குகளை வகுப்பதும் உதவியாளரின் வேலை அல்ல. கவனித்ததை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளை பத்து முயற்சிகளில் ஆறு முறை சரியாகச் சொன்னதைத் தாளில் கோடு போட்டுக் குறிக்கத் திரும்பினேன்.

அக்டோபர் 21, 2023

பேச்சு சிகிச்சையாளராவதற்கு முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று இரவு முழுவதும் கணக்குதான். பேச்சு சிகிச்சையாளர் சான்றிதழுக்குத் தேவையான 400 மணி நேர சிகிச்சைப் பயிற்சியில் 25 மணி நேரம் பார்த்துக் கற்பது, 375 மணி நேரம் நேரடியாகச் செய்வது. மொத்தத்தில் குறைந்தது 325 மணி நேரத்தை முதுநிலைப் படிப்பின்போதே முடித்திருக்க வேண்டும் என்பதால், என் மூன்று வருட வேலையில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் ஏறப்போவதில்லை. படித்து முடித்த பிறகும் 36 வாரங்களுக்குக் குறையாமல் 1,260 மணி நேரம் ஒருவரின் வழிகாட்டுதலில் பணிபுரிய வேண்டும். திருச்சியில் படித்த இயற்பியல் ஒரு முன்தேவையை நிறைவு செய்யும் என்பது மட்டும் ஆறுதல். தொலைபேசியில் அம்மா, “நாற்பத்தொரு வயசுல பரீட்சையா?” என்று கேட்டார், குரலில் கேலியை விடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

நவம்பர் 18, 2023

முன்தேவைக்காக மாலையில் படிக்கும் ஒலியியல் பாடத்தில் இன்று அமெரிக்க ‘ர’ வந்தது. சிலர் நாக்கு நுனியை மேல்நோக்கி வளைத்தும், சிலர் நாக்கின் நடுப்பகுதியைத் திரட்டி உயர்த்தியும் அதை ஒலிக்கிறார்கள். காதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வகை நம் ‘ழ’வுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நான் சொல்லிக் காட்டியபோது வகுப்பே வாய்க்குள் நாக்கைத் தேடிக்கொண்டிருந்தது. ‘ர’ வராத பிள்ளைகளிடம் மூன்று வருடங்களாக “நாக்கை மேலே தூக்கு” என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். அது ஏன் சிலருக்கு உதவியது, சிலருக்கு ஏன் உதவவில்லை என்பது இன்றுதான் புரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஜனவரி 12, 2024

விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரைவில் குழந்தைகள் மேல் எனக்குள்ள அன்பைப் பற்றி எழுதியிருந்தேன். எல்லோரும் அதையே எழுதுவார்கள் என்று அழித்தேன். அதற்குப் பதிலாக, தாய்மொழியால் வரும் ஒலி வேறுபாட்டையும் பேச்சுக் குறைபாட்டையும் பிரித்தறியும் பொறுப்பு எனக்கு ஏன் வேண்டும் என்பதை எழுதினேன். அந்தப் பையனின் மதிப்பீடும் இதற்குள் முடிந்துவிட்டது. கூட்டாட்சிச் சட்டம் பிள்ளையின் தாய்மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்வதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து நடத்தினார்கள். தமிழில் அவன் ஒலிகள் எல்லாம் வயதுக்கேற்றபடி இருந்தன, சிகிச்சை தேவையில்லை என்று முடிவானது.

ஏப்ரல் 2, 2024

ஓரிடத்தில் மறுப்பு, ஓரிடத்தில் காத்திருப்புப் பட்டியல், ஓரிடத்தில் அனுமதி. பள்ளியாண்டு முடிந்ததும் வேலையை விட வேண்டும். இரண்டு வருடங்களுக்கு என் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது என்று நானும் கணவரும் இரண்டு இரவுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மேற்பார்வையாளரிடம் இன்னும் சொல்லவில்லை.