சாவியும் வெண்கலக் கையும்

ஸ்பெயினில் உள்ள சரகோசாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைப் படுத்தி எடுத்தது சியெர்சோ. எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று அது. குடை விரித்தால் கம்பிதான் மிஞ்சும். அந்தக் காற்றில்தான் முகவரிப் பதிவு, வெளிநாட்டவர் அட்டை என்று அலைந்தேன். ஒரு தாள் குறைகிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எந்தத் தாள் என்று கேட்கக்கூட எனக்கு மொழி இல்லை.

அந்த நாட்களில் ஸ்பானிஷ் வகுப்பிலிருந்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு வெண்கலத் தகடு, இரண்டு பக்கமும் எழுத்து. 1970-இல் பக்கத்து ஊரான பொதொர்ரீதாவில் கிடைத்தது. எழுதியவர்கள் செல்திபேரியர்கள். ரோமானியருக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். பேசியது ஐரிஷ், வெல்ஷ் மொழிகளின் இனமான ஒரு செல்திய மொழி, எழுத்து மட்டும் அண்டை மக்களான இபேரியர்களிடம் வாங்கியது. அதில் ல, ன, ர ஒலிகளுக்குத் தனி எழுத்து. க, த போன்றவை உயிரோடு சேர்ந்து ஒரே குறியாக வரும். ஒரே குறியை வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் படிக்க வேண்டியிருப்பதால் குழப்பம் என்றார் ஆசிரியை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கல்லில் ஒரு க, சங்கில் ஒரு க என்று படித்து வளர்ந்தவள் நான். "எங்கள் மொழியிலும் அப்படித்தான்" என்றேன். வகுப்பில் பயமில்லாமல் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் கிடையாது. இருந்தாலும் அன்று அந்தத் தகட்டின் முன்னால் நான் அந்நியமாக உணரவில்லை.

கி.மு. 133-இல் ரோமானியர் முற்றுகையில் செல்திபேரியரின் நகரமான நுமான்சியா பட்டினி கிடந்து விழுந்தது. அப்புறம் தலைமுறை தலைமுறையாக மக்கள் லத்தீனுக்கு மாறினார்கள். இன்று தகட்டை வாய்விட்டுப் படிக்க முடிகிறது, பொருள்தான் முழுதாகப் பிடிபடவில்லை. சொந்த மொழியில் பேச வீட்டுக்கு வெளியே ஆள் இல்லாத எனக்கு அது தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

அந்த மக்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேற்றூர்க்காரரோடு நட்பு உடன்படிக்கை செய்தால் வெண்கலத்தில் சிறிய அடையாளம் செய்துகொள்வார்கள். சில விலங்கு வடிவம். சில, கைகுலுக்க நீட்டிய கை. பலவற்றில் 'கர்' என்ற சொல் இருக்கிறது. நட்பு, விருந்துறவு என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள்.

அட்டை ஒருவழியாகக் கைக்கு வந்த வாரம், எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கட்டு பொர்ராஹாக் கீரை கொண்டுவந்தார். தண்டின் முள்மயிரை உரசி எடுத்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் விட வேண்டும் என்று கையாலேயே செய்து காட்டினார். போகும்போது தன் வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். சமையலறை ஆணியில் தொங்குகிறது.